கூண்டுக் கதவருகே இரண்டு குஷன்கள்

இன்று காலை கடைக்குப் போகக் காரின் டிக்கியைத் திறந்தபோது ஐஸ் மண்டபத்தின் மணம் வந்தது. ஈர ரப்பர், வியர்வை ஊறிய கம்பளி, அதற்கு மேல் யாரோ சிந்திய கோப்பி. ஒரு கணம் நீங்கள் பக்கத்தில் நின்று, "ரீச்சர், சாமான் எல்லாம் எடுத்திட்டியளோ?" என்று கேட்பது போல இருந்தது. பார்த்தால், உங்கள் இரண்டு குஷன்களும் அங்கே கிடந்தன. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்த அலுப்பில் அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அடிப்பக்கம் இன்னும் ஈரம். இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டருக்கு மேலே காயப் போட்டிருக்கிறேன். அவை காயும் மட்டும் உங்களோடு கொஞ்சம் கதைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு பாடசாலை ஆசிரியை, ஓய்வு பெற்றபின் ஐஸ் ஹொக்கி பார்க்கத் தொடங்கியதற்கு நீங்கள்தான் காரணம். உங்கள் மகள் ஷெரினுக்கு ஒடென்சேயில் சின்ன வகுப்பில் நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வளர்ந்து, உயர்தரம் படிக்கும் கல்லூரியில் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் சேர்ந்து, கடைசி வருடத்தில் அணித் தலைவியும் ஆனாள். உங்கள் கணவருக்குத் தொழிற்சாலையில் வார இறுதியிலும் வேலை. நீங்கள் கார் ஓடுவதில்லை. எனக்கோ கார் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, சனிக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "ஒருக்கா என்னைக் கொண்டுபோய் விடுவியளோ ரீச்சர்?" என்று கேட்டீர்கள். அந்த ஒருக்கா ஒரு முழுப் பருவம் நீண்டது.

முதல் ஆட்டத்திலேயே எனக்கு ஒன்று விளங்கியது. நீங்கள் ஆட்டம் பார்க்கவில்லை. ஷெரின் பின்வரிசையில் நின்று தடுப்பவள். எதிரணி அவளை நோக்கி வரும்போதெல்லாம் நீங்கள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து, "இப்ப என்ன நடக்குது? எழும்பிட்டாளோ?" என்று கேட்டீர்கள். நான் வானொலி அறிவிப்பாளர் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் விதிகள் தெரியாது. வீட்டுக்குப் போய் வாசித்துப் பிடித்து, அடுத்த கிழமை உங்களுக்கு உதாரணங்களோடு விளக்கினேன். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை நீலக் கோட்டைக் கடப்பதற்கு முன்னால் தாக்கும் அணியில் ஒருவரும் கடக்கக் கூடாது என்பதை, "உங்கட ஊர்ப் பெருநாளில மாதா சுரூபம் கோயில் வாசலுக்குள்ள போக முன்னம் ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது, அப்படித்தான்" என்றேன். உங்களுக்கு உடனே பிடிபட்டது. வில்லையைக் கண்மூடித்தனமாக மறுமுனைக்கு அடிப்பது ஏன் பிழை என்று கேட்டீர்கள். வளவுக் குப்பையைக் கூட்டி வேலிக்கு மேலால் பக்கத்து வளவுக்குள் தள்ளுவது போல என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் முன்வரிசை டேனிஷ்காரர் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் மன்னார் வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரி ஒருத்தி அப்படியே செய்வாளாம்.

உங்களுக்குக் கடைசிவரை விளங்காமல் இருந்தது ஆட்டம் முடிந்ததும் நடக்கும் அந்தக் கைகுலுக்கல்தான். இரண்டு அணியும் வரிசையாக வந்து, ஒவ்வொருத்தியும் மற்றவளிடம் 'ஆட்டத்துக்கு நன்றி' என்று டேனிஷில் சொல்ல வேண்டும். "இவ்வளவு நேரமும் இடிச்சு விழுத்திப்போட்டு, இப்ப நன்றி சொல்லுதுகள் ரீச்சர்," என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது போலச் சொல்வீர்கள். ஆனால் அது முடியும்வரை எழுந்து போக மாட்டீர்கள்.

கோயிலில் பெண்கள் உங்களைச் சும்மா விடவில்லை. ஞாயிறு ஆட்டங்களுக்காகச் சனி மாலைப் பூசைக்கு மாறிக்கொண்டீர்கள் என்பது ஒரு குறை. "பொம்பிளைப் பிள்ளையை அடிபட விட்டிருக்கிறியள்" என்பது பெரிய குறை. நீங்கள் கோபிக்கவில்லை. "அடிபட விடேல்லை. அடி விழுந்தா எழும்பப் பழகட்டும் எண்டு விட்டிருக்கிறன்," என்றீர்கள். அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். ஆட்டத்தைக் கண் திறந்து பார்க்க முடியாத ஒருத்தியின் பெருமை அது.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. இந்த நாட்டில் எந்தக் கழகமும் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்களால்தான் ஓடுகிறது. உடுப்புத் தோய்க்க ஒருவர், கோப்பி விற்க ஒருவர், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒருவர். பயிற்சியாளர் லினே ஒவ்வொரு வேலையாக வாசிக்க, பெற்றோர் கை உயர்த்தினார்கள். உங்கள் முறை வரும்போது எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். முந்தின வருடம் நீங்கள் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் அவர்களுக்கு ஞாபகம், சாப்பாட்டு வேலையைத்தான் எடுப்பீர்கள் என்று நினைத்தார்கள். நீங்களோ யாரும் எடுக்காமல் கிடந்த ஒரு வேலைக்குக் கையை உயர்த்தினீர்கள். தண்டனைக் கூண்டின் கதவு.

விதி மீறிய பிள்ளையை நடுவர் வெளியே அனுப்பினால் அவள் தனியே உட்காரும் இடம் அது. ஐஸ் ஓரமாக, கண்ணாடியால் அடைத்த சின்னக் கூண்டு, உள்ளே உட்கார ஒரு மர வாங்கு. எங்கள் மண்டபத்தில் அணிக்கு ஒன்றாக இரண்டு கூண்டு, நடுவில் நேரம் பார்க்கும் மேசை, இரண்டு கதவுக்கும் ஒரே ஆள். மேசையில் பென்ட் என்கிற வயதான மனிதர் கடிகாரத்தோடு இருப்பார். தண்டனை நேரம் முடியப் போகும்போது அவர் கையை உயர்த்துவார், முடிந்ததும் கீழே போடுவார். கதவுக்காரர் உடனே திறக்க வேண்டும். பிள்ளை பாய்ந்து வெளியே போவாள். அவ்வளவுதான் வேலை. ஏன் அதை எடுத்தீர்கள் என்று காரில் கேட்டேன். "முதியோர் இல்லத்தில நாள் முழுக்க நான் செய்யிறது அதுதானே ரீச்சர். கதவடியில நிண்டு, வெளியில ஓடப் பார்க்கிற ஆக்களை இருத்துறது. அதோட, கையில வேலை இருந்தால் கண்ணை மூடேலாது."

அப்படித்தான் நீங்கள் ஆட்டம் பார்க்கத் தொடங்கினீர்கள்.

இந்த நாட்டின் வடக்கிலிருந்து ஓர் அணி வந்த அந்த ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களில் மெலிந்த, உயரமான பிள்ளை ஒருத்தி கூண்டுக்கு அனுப்பப்பட்டாள். தலைக்கவசத்துக்குள்ளே அழுகிறாள். நான் செய்யவில்லை, நான் செய்யவில்லை என்று உங்களிடம் டேனிஷில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குனிந்து அவளிடம் என்னவோ கேட்டீர்கள். பிறகு பென்டின் கை இன்னும் உயரத்தில் இருக்க, எழுந்து கதவைத் திறந்துவிட்டீர்கள்.

பிள்ளைக்குமே என்ன செய்வது என்று தெரியவில்லை. கதவு திறந்ததால் போனாள். விசில் கேட்டது. நடுவர் அவளை எல்லோருக்கும் முன்னால் திரும்பக் கூட்டிவந்து கூண்டில் விட்டார். இப்போது அவள் முன்னையைவிட அழுதாள். எங்கள் பக்கத்துத் தகப்பன் ஒருவர், இவ யாருடைய ஆள் என்று உரக்கக் கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஷெரின் ஐஸின் நடுவில் நின்று உங்களைப் பார்க்காமல் மட்டையின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வரும்போது பின் இருக்கையிலிருந்து அவள் டேனிஷில்தான் பேசினாள். அம்மா இனி மேலே ரீச்சரோடு இருக்கட்டும், தயவுசெய்து என்றாள். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதுதான் உங்களைச் சுட்டது என்று நினைக்கிறேன். "அந்தப் பிள்ளை தான் செய்யேல்லை எண்டு சொன்னது ரீச்சர்," என்றீர்கள். நான் செய்யவில்லை என்று சொல்லாத பிள்ளையை என் வகுப்பில் நான் கண்டதே இல்லை என்றேன். ஷெரின் கூடச் சிரித்துவிட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். "நான் இரங்கினதாலதான் அது ரெண்டு தரம் அழுதது," என்றீர்கள். நான் எனக்குத் தெரிந்த வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம் சொன்னேன். ஒரு பிள்ளையை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு இடையில் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள் அவனை விடமாட்டார்கள், நீ முழுக்க நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முழுக்க நின்றுவிட்டு வந்தால் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னதை நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். "நான் இது கதவு திறக்கிற வேலை எண்டு நினைச்சன் ரீச்சர். இது கூட இருக்கிற வேலை."

லினேயிடம் போய் இன்னொரு வாய்ப்புக் கேட்டீர்கள். அவர் சம்மதித்தார், இன்னொரு முறை பிழைத்தால் கதவு வேறு ஒருவருக்கு என்று சொல்லி. ஷெரினிடமும் கேட்டீர்கள். அவள் தோளைக் குலுக்கினாள். உங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் எனக்குத் தெரியும், அந்தக் குளிர்காலம் முழுக்க உங்களுக்கு ஒரே ஒரு காரியம்தான் முக்கியம். மகள் நிற்கும் இடத்தில் மகளுக்குத் தலைகுனிவு இல்லாமல் நிற்க வேண்டும்.

அந்தக் கிழமைதான் குஷன் தைத்தீர்கள். உடைந்த சோபாவின் ஸ்பொஞ்சை வெட்டி, முதியோர் இல்லத்தில் கழித்துவிட்ட சூரியகாந்திப் பூப் போட்ட திரைச்சீலையால் உறை போட்டு, ஈரம் ஏறாமல் அடிப்பக்கம் பழைய மழைக்கோட்டுத் துணி வைத்து. இரண்டு குஷன். ஒன்று எங்கள் கூண்டுக்கு, ஒன்று வந்தவர்களின் கூண்டுக்கு. அன்று உங்களைப் பற்றி உரக்கக் கேட்ட அதே தகப்பன், எதிரணிக்கு ஏன் இவ்வளவு வசதி என்று பகிடியாகக் கேட்டார். "வாங்கு ரெண்டும் ஒரே குளிர்தானே," என்றீர்கள் உங்கள் டேனிஷில்.

அதற்குப் பிறகு நீங்கள் கூண்டில் செய்ததை நான் மேலே இருந்து மாதக்கணக்கில் பார்த்தேன். மட்டையால் சுவரில் அடித்துக்கொண்டு வருவாள் ஒருத்தி. குஷனை அவள் பக்கம் நகர்த்துவீர்கள். கேள்வி இல்லை, புத்திமதி இல்லை. பக்கத்தில் இருப்பீர்கள், அவ்வளவுதான். அவள் மூச்சு மெல்ல இறங்கும். உங்கள் கண் பென்டின் கையிலேயே இருக்கும். கை விழுந்ததும் தாழ்ப்பாளை இழுத்து, ஒவ்வொருத்திக்கும் ஒரே வசனத்தைத் தமிழில் சொல்வீர்கள். "முடிஞ்சுது பிள்ளை, போ." அவசரத்தில் உங்களுக்கு டேனிஷ் வராது என்பதுதான் அதற்குக் காரணம். வேறு யோசனை ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் அணியா, வந்த அணியா, பொன்முடியா, முக்காட்டின் மேல் தலைக்கவசம் போட்டவளா, எல்லோருக்கும் அதுதான்.

பருவம் நீண்டது. தீவிலுள்ள எங்கள் ஊரிலிருந்து ஒரு பாலத்தைக் கடந்து யூலண்ட் பக்கம் போனோம், மற்றப் பாலத்தைக் கடந்து கோபன்ஹேகன் பக்கம் போனோம். காற்று காரைத் தள்ளும்போது நீங்கள் செபமாலையை எடுப்பீர்கள். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பேன். எஸ்பியர்க்கில் குளிர் தாங்காமல் நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். வெளியூரில் உங்களுக்குக் கதவு இல்லை. அதனால் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடிப்பீர்கள். அணியில் பாதிப்பேருக்குக் காய்ச்சல் வந்து அடுத்தடுத்துத் தோற்ற மாதத்தில், ஷெரின் காரில் வாய் திறக்கவே மாட்டாள். நீங்களும் திறக்க மாட்டீர்கள். கூண்டில் இருப்பது போலவே பக்கத்தில் இருப்பீர்கள்.

அந்தத் தோல்விகளின் நடுவில் ஒரு நாள், உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே உங்களுக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கோல்காப்பாளர் பிள்ளை பரீட்சை ஒன்றில் தவறிவிட்டதாகச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். இன்னொருத்தி அவளிடம், "முடின்சுது பில்லா, போ" என்றாள். உள்ளே ஒரே சிரிப்பு. பிறகு ஷெரினின் குரல் கேட்டது, கொஞ்சம் கண்டிப்பாக. 'பில்லா' இல்லை, நாக்கை மடி, 'பிள்ளை' என்று டேனிஷில் சொல்லிக் கொடுக்கிறாள். வீட்டில் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளை. நான் உங்களிடம் சொன்னபோது நம்பவில்லை. "சும்மா சொல்லாதேங்கோ ரீச்சர்," என்றீர்கள். ஆனால் அன்று கார் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தீர்கள்.

கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு அதே வடக்கு அணி வந்தது. வென்றால் நாடளாவிய இறுதி வாரத்துக்குப் போகலாம். அந்தக் கல்லூரியின் பெண்கள் அணி அதற்கு முன் ஒருமுறையும் போனதில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் முன்னால். முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்க, அந்த உயரமான பிள்ளை பாய்ந்து வர, ஷெரின் மட்டையால் அவள் காலை மடக்கி விழுத்திவிட்டாள். நடுவர் கையைத் தூக்கினார். உங்கள் மகள் உங்கள் கூண்டுக்கு வந்தாள்.

பருவம் முழுக்க அவள் அங்கே வந்ததில்லை. அவ்வளவு கவனமாக விளையாடுபவள். உள்ளே வந்து நின்றாள், உட்காரவில்லை. நீங்கள் குஷனை நகர்த்தினீர்கள், எல்லோருக்கும் நகர்த்துவது போலவே. கடைசியில் அவள் உட்கார்ந்தாள். நீங்கள் அவளைத் தொடவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. பென்டின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஐஸில் எங்கள் பக்கம் ஒரு ஆள் குறைவு. வில்லை எங்கள் கோலைச் சுற்றியே ஓடியது. தண்டனை நேரம் முடியப் போகிறது. ஷெரின் எழுந்து கதவோடு ஒட்டி நின்றாள். பென்டின் கை மேலே போனது. அந்தத் தகப்பன் கண்ணாடிக்குப் பின்னால் வந்து, திற, இப்பவே திற என்று டேனிஷில் கத்தினார். இன்னும் சிலர் சேர்ந்து கத்தினார்கள். உங்கள் கை தாழ்ப்பாளில் இருந்தது. நான் இருந்த இடத்தில் எழுந்துவிட்டேன். முதல்முறையாக எனக்குக் கண்ணை மூட வேண்டும் போல் இருந்தது.

நீங்கள் திறக்கவில்லை. பென்டின் கை உயரத்தில் இருக்கும்போதே வில்லை எங்கள் வலைக்குள் போனது.

வடக்குப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்தார்கள். அந்தத் தகப்பன் சொன்னது மேலே எனக்கே கேட்டது. அவர்களின் பிள்ளைக்கு நேரத்துக்கு முன்னால் திறந்தாய், உன் பிள்ளைக்கு மட்டும் பூட்டி வைத்திருந்தாய் என்றார். நீங்கள் திரும்பி, உங்கள் உடைந்த டேனிஷில், மிக மரியாதையாகச் சொன்னீர்கள். "ஓம். அண்டைக்கு எனக்குத் தெரியாது. பிறகு பழகிட்டன்."

கோல் விழுந்தால் அந்தத் தண்டனை அத்தோடு முடிந்தது என்பது விதி. பென்ட் கையைக் கீழே போட்டார். நீங்கள் தாழ்ப்பாளை இழுத்தீர்கள். ஆனால் ஷெரின் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். தலை குனிந்திருந்தது. அவள் செய்த பிழையால் சமநிலை. பருவம் முழுக்க எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன வசனத்தை, அதே குரலில், ஒரு துளி கூடவோ குறையவோ இல்லாமல் அவளுக்கும் சொன்னீர்கள்.

"முடிஞ்சுது பிள்ளை, போ."

அவள் எழுந்தாள். வாசலுக்கு வந்தவள் திரும்பி, சரிந்து கிடந்த குஷனை நிமிர்த்தி நேராக வைத்தாள், அடுத்து வருபவளுக்கு. பிறகு போனாள்.

அதன்பின் நடந்ததை எத்தனை தரம் என்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள்! நீங்களே பார்த்ததுதான், ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும். நேரம் முடிந்தும் சமநிலை. மேலதிக நேரத்தில் முதல் கோல் போடுபவர் வென்றவர். வடக்கின் அந்த உயரமான பிள்ளை தனியே வந்து அடித்த அடிக்கு ஷெரின் குறுக்கே விழுந்தாள். வில்லை அவள் நெஞ்சுக் கவசத்தில் பட்டுத் தெறித்தது. அவள் எழுந்து, தள்ளிவிட, எங்கள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய்க் கோல் போட்டாள். நீங்கள் அப்போது கண்ணை மூடவில்லை. நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியும்.

கைகுலுக்கல் முடிந்ததும் அந்த உயரமான பிள்ளை வரிசையை விட்டுக் கூண்டுக் கதவுக்கு வந்தாள். தோற்ற முகம், ஆனாலும் கையை நீட்டினாள். இந்த ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஒருமுறை கூண்டுக்கு வந்து உங்கள் கதவால் போனவள். கதவு திறக்கும்போது நீங்கள் சொல்வது என்ன என்று கேட்டாள். உங்களுக்கு டேனிஷில் சொல்ல வரவில்லை. பின்னால் வந்து நின்ற ஷெரின்தான் சொன்னாள். "அது முடிந்துவிட்டது என்று அம்மா சொல்கிறா. இனி ஒருவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். போய் விளையாடு என்கிறா." பிறகு உங்கள் தோளில் கை போட்டு, மண்டபமே கேட்க, இது என் அம்மா என்றாள். தேவையில்லாமல்தான். எல்லோருக்கும் தெரியும்.

காரில் நீங்கள் என் காதுக்குள், "நான் அவ்வளவு சொல்லேல்லையே ரீச்சர்," என்றீர்கள்.

"சொன்னீங்கள்," என்றேன். "பருவம் முழுக்க."

இறுதி வாரத்தில் எங்கள் பிள்ளைகள் மூன்றாவதாக வந்தார்கள். ரோல்ஸ் தட்டைச் சுற்றி வெண்கலப் பதக்கங்களோடு அவர்கள் எடுத்த படத்தில் நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள், குளிருடுப்பில், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு. அப்போதே உங்களுக்கு அலுப்பு. மண்டபத்துக் குளிர் என்றீர்கள். கோடை வந்தும் அலுப்புப் போகாதபோதுதான் வைத்தியசாலைக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அங்கேயும் உங்கள் கதவடியில் மற்ற நோயாளிகள் வந்து உட்காருவார்கள் என்று தாதி ஒருத்தி சொன்னா. உங்கள் அடக்கப் பூசைக்குப் பிள்ளைகள் எல்லோரும் அணிச் சட்டையோடு வந்தார்கள். ஒரு தமிழ் வார்த்தையும் விளங்காமல், நாங்கள் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தார்கள். கோயிலில் உங்களைக் குறை சொன்ன பெண்கள் அவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தார்கள்.

ஷெரின் இப்போது ஆர்ஹூஸில் உடற்பயிற்சிச் சிகிச்சை படிக்கிறாள். போகும் முன் இரண்டு குஷன்களையும் கொண்டுவந்து என் கையில் தந்தாள். இது அம்மாவுடையது இல்லை, கூண்டுக்குரியது என்றாள். கதவுக்கு ஆள் தேவை என்று லினேயும் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு விளக்கத் தெரியும். கூட இருக்கத் தெரியுமா என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை முதல் ஆட்டம். வந்த அணியின் பிள்ளை ஒருத்தி மட்டையைச் சுவரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குஷனை நகர்த்தினேன். என் வாயில் ஒரு நல்ல உதாரணம் வந்தது, அதை விழுங்கினேன். பக்கத்தில் இருந்தேன். பென்டின் கை விழுந்தது, தாழ்ப்பாளை இழுத்தேன். எனக்குச் சுத்தமான டேனிஷ் தெரியுமே, அதில் 'நீங்கள் போகலாம்' என்றேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். அணியைப் பார்க்க வந்திருந்த ஷெரின், கண்ணாடிக்கு வெளியே நின்று தலையை ஆட்டினாள், அது இல்லை என்று.

"முடிஞ்சுது பிள்ளை, போ," என்றேன்.

அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் போனாள், நிமிர்ந்து போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்கள் மகள், அந்தப் படத்தில் இருக்கும் உங்களைப் போலவே, ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதை எழுதி முடிப்பதற்குள் குஷன்கள் காய்ந்துவிட்டன. எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பவும் டிக்கியில் வைக்கப் போகிறேன். ஒன்றை ஒரு கையிலும் மற்றதை மற்றக் கையிலும் தூக்கினால், எது எங்களுடையது, எது வந்தவர்களுடையது என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. பாரம் இரண்டும் ஒன்றுதான். நீங்கள் அப்படித்தான் தைத்திருக்கிறீர்கள்.